தண்டவாளம் போகும் ஊருக்கு விமானம் எதற்கு?

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (இயற்பியல்) மாணவி

"எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தீர்கள்?" பயணம் சென்று வந்தவரைப் பார்த்து நாம் கேட்கும் முதற்கேள்வி இன்று இதுதான். எதற்குப் போனீர்கள், என்ன கற்றீர்கள், யாரைச் சந்தித்தீர்கள் என்ற கேள்விகளெல்லாம் அதற்குப் பின்னரே வருகின்றன. விரைவு ஒரு வசதி என்ற நிலை போய், அதுவே ஒரு மதிப்பு என்ற நிலை வந்துவிட்டது. கருத்தரங்கிற்கு இரயிலில் வந்த பேராசிரியரைவிட விமானத்தில் வந்த பேராசிரியர் ஒரு படி உயர்ந்தவர் என்று வரவேற்புக் குழுவில் நிற்கும் மாணவர்களாகிய நாமே நினைத்துவிடுகிறோம். அரசு விதிகளும் இந்த எண்ணத்திற்குத் துணைநிற்கின்றன. சம்பள நிலை உயர உயரத்தான் விமானத்தில் செல்லும் தகுதி அலுவலருக்குக் கிடைக்கிறது. ஆக, எந்த வாகனத்தில் வந்தார் என்பது அவர் யார் என்பதைச் சொல்லும் அடையாளமாகிவிட்டது.

இந்த எண்ணம் மாறவேண்டும் என்பதே என் கருத்து. கல்விக்காகவும் பணிக்காகவும் பயணம் செய்வோர், ஓர் இரவுக்குள் இரயில் சென்றடையும் ஊர்களுக்கு இரயிலிலேயே செல்லவேண்டும். அவ்வாறு செல்வதற்கு வேண்டிய நாட்களைக் கல்வி நிறுவனங்கள் பணி நாட்களாகவே கணக்கிட்டுத் தரவேண்டும். இவ்விரண்டும் சேர்ந்தே நடக்கவேண்டும் என்பதை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விழைகிறேன்.

இதைச் சொல்ல நான் யார்?

"விமானத்தில் ஏறாதவள் விமானத்தைப் பற்றி எழுதலாமா?" என்று தோழியர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. என் தந்தையார் விசைத்தறித் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் பட்டப் படிப்பு வரை வந்த முதல் ஆள் நான்தான். எங்கள் வீட்டில் இதுவரை எவரும் விமானத்தில் சென்றதில்லை. எங்கள் தெருவுக்கு மேலே விமானம் போகும்போதெல்லாம் என் தாயார், "படிச்சு முடிச்சு நீயும் ஒரு நாளைக்கு ஏரோப்ளேன்ல போகோணும் கண்ணு" என்பார். அவருக்கு விமானம் என்பது ஒரு வாகனமன்று; தறிக்குழியிலிருந்து தம் மகள் எவ்வளவு உயரம் சென்றாள் என்று அளக்கும் அளவுகோல்.

அந்த ஆசையை நான் எள்ளி நகையாடமாட்டேன். நாளை கடல் கடந்து சென்று ஆய்வு செய்யும் வாய்ப்புக் கிடைத்தால் விமானத்தில்தான் செல்வேன். ஆனால் என் உயரத்தை அளக்கவேண்டியது நான் ஏறிய வாகனமா, நான் கற்ற கல்வியா என்ற கேள்வியை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆய்வாளராக வேண்டும் என்ற கனவு எனக்கு உண்டு. அந்த வாழ்வில் கருத்தரங்கு, நேர்காணல், பயிற்சி முகாம் எனப் பயணங்கள் பல வரும். அப்போது எவ்வாறு பயணம் செய்வது என்பதை இப்போதே எண்ணிப் பார்ப்பதில் தவறில்லையே!

அறிவியல் கூறும் கணக்கு

இயற்பியல் மாணவி என்ற முறையில் முதலில் ஆற்றலைப் பார்ப்போம். எஃகுத் தண்டவாளத்தின்மீது எஃகுச் சக்கரம் உருளும்போது உருள் உராய்வு மிகவும் குறைவு. தார்ச்சாலையில் உருளும் இரப்பர்ச் சக்கரத்தோடு ஒப்பிட்டால் அது சில மடங்கு குறையும். அதனால்தான் ஒரே ஒரு எஞ்சின் இருபதுக்கு மேற்பட்ட பெட்டிகளையும் ஆயிரத்திற்கு மேற்பட்ட மக்களையும் இழுத்துச் செல்ல முடிகிறது. புதிய வகை மின்சார எஞ்சின்கள் வேகத்தைக் குறைக்கும்போது இயக்க ஆற்றலில் ஒரு பகுதியை மின்சாரமாக மாற்றிக் கம்பிக்கே திருப்பி அனுப்புகின்றன.

விமானமோ புவியீர்ப்பை எதிர்த்துத் தன்னையும், தன் பயணிகளையும், தான் எரிக்கப்போகும் எரிபொருளையும் சேர்த்தே பத்துக் கிலோமீட்டர் உயரத்திற்குத் தூக்கவேண்டும். குறுகிய தூரப் பயணத்தில் எரிபொருளின் பெரும்பங்கு இவ்வாறு மேலெழும்புவதற்கே செலவாகிவிடுகிறது. ஒரு கிலோகிராம் விமான எரிபொருள் எரிந்தால் ஏறத்தாழ 3.16 கிலோகிராம் கார்பன் டை ஆக்சைடு உண்டாகிறது. ஒரு கிலோ எரிந்து மூன்று கிலோ எப்படி வரும் என்று வியக்கவேண்டாம். எரிபொருளில் உள்ள கார்பனோடு காற்றிலுள்ள ஆக்சிஜன் சேர்வதால் எடை கூடுகிறது. அத்துடன், உயரத்தில் விமானம் விட்டுச் செல்லும் வெண்ணிற ஆவிக் கோடுகள் மெல்லிய மேகமாகப் பரவிப் பூமியின் வெப்பத்தை வெளியேற விடாமல் தடுக்கின்றன.

பிரிட்டன் அரசு 2019இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். உள்நாட்டு விமானத்தில் ஒருவர் ஒரு கிலோமீட்டர் செல்லும்போது, உயரத்தில் ஏற்படும் பிற விளைவுகளையும் சேர்த்து, ஏறத்தாழ 250 கிராம் கார்பன் டை ஆக்சைடுக்கு நிகரான பாதிப்பு உண்டாகிறது. இரயிலில் அதே தூரத்திற்கு ஏறத்தாழ 40 கிராம்தான். இந்த அளவை வைத்துப் பார்த்தால், 500 கிலோமீட்டர் பயணத்திற்கு விமானத்தில் 125 கிலோ; இரயிலில் 20 கிலோ. நம் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்தே வருவதால் பிரிட்டன் கணக்கை அப்படியே நமக்குப் பொருத்திவிட முடியாது. ஆயினும் நம் இரயில்கள் நிறைந்து வழிந்து ஓடுகின்றன. அகல இரயில் பாதைகளில் மிகப் பெரும்பகுதி மின்மயமாகியும் விட்டது. நாளை சூரிய ஒளியிலிருந்தும் காற்றிலிருந்தும் மின்சாரம் கூடுதலாக வரும்போது அதே இரயில் இன்னும் தூய்மையாகும். விமானத்திற்கு அத்தகைய எளிய மாற்றுவழி இன்றுவரை கிடைக்கவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. ஸ்டெஃபான் கோஸ்லிங், ஆண்ட்ரியாஸ் ஹும்பே என்னும் இரு ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட கட்டுரையின்படி, 2018ஆம் ஆண்டில் உலக மக்களில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினொருவர்தாம் விமானத்தில் பறந்தனர். பயணிகள் விமானங்கள் வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடில் பாதிக்கும் மேற்பட்டதற்கு உலக மக்களில் நூற்றுக்கு ஒருவரே காரணம். பறப்பவர் சிலர், மழை பொய்த்து வாடுபவரும் வெள்ளத்தில் மூழ்குபவரும் பலர். இதை எண்ணும்போது, இது வெறும் அறிவியல் கணக்கன்று, நீதிக் கணக்கும் ஆகும் என்பது விளங்கும்.

ஓர் இரவு என்னும் அளவு

பிரான்சு நாடு 2021இல் ஒரு சட்டம் இயற்றியது. இரண்டரை மணி நேரத்திற்குள் இரயிலில் செல்லக்கூடிய ஊர்களுக்கிடையே உள்நாட்டு விமானம் கூடாது என்பது அதன் ஒரு பகுதி. அது 2023 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. பாரிசின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து லியோன், நாந்து, போர்தோ ஆகிய நகரங்களுக்குச் செல்லும் விமானங்கள் நின்றன. அங்கே மின்னல் வேக இரயில்கள் உள்ளன; எனவே இரண்டரை மணி நேரம் என்ற அளவு அவர்களுக்குப் பொருந்துகிறது.

நமக்கு எந்த அளவு பொருந்தும்? நம் நாட்டில் இரவு வண்டி என்னும் செல்வம் இருக்கிறது. ஆகவே "ஓர் இரவு" என்பதே நம் அளவாகட்டும். சென்னையில் இரவு உணவை முடித்துப் பாண்டியன் விரைவு வண்டியில் ஏறினால் விடியற்காலையில் மதுரை. விமானம் வானில் இருப்பது ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டிலிருந்து விமான நிலையம் செல்லும் நேரம், முன்கூட்டியே சென்று காத்திருக்கும் நேரம், சோதனைக்கு வரிசையில் நிற்கும் நேரம், இறங்கியபின் ஊருக்குள் வரும் நேரம் ஆகியவற்றைக் கூட்டினால் நான்கைந்து மணி நேரம் ஆகிறது. அதுவும் பகற்பொழுது! இரவு இரயில் எடுத்துக்கொள்வதோ நாம் எப்படியும் தூங்கிக் கழிக்கும் நேரத்தை. பகலில் செல்ல விரும்புவோருக்கும் வழியுண்டு. 2023 ஏப்ரலில் தொடங்கிய சென்னை-கோவை வந்தே பாரத் வண்டி ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் சென்றுவிடுகிறது.

இந்த அளவின்படி நம் கல்லூரியிலிருந்து சென்னை, மதுரை, நெல்லை, பெங்களூர், மைசூர், திருவனந்தபுரம் ஆகிய எல்லா ஊர்களுக்கும் இரயிலே போதும். டெல்லி மட்டும் சிக்கலானது. சென்னையிலிருந்து தமிழ்நாடு விரைவு வண்டி ஏறத்தாழ 33 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. ஒரு நாள் கூட்டத்திற்காகப் போக இரண்டு இரவு, வர இரண்டு இரவு என்றால் எவரும் தயங்குவர். அதற்கு என் விடை இது: ஒரு நாள் கூட்டமானால் இணையவழியில் பங்கேற்கலாம், இரண்டு வாரப் பயிற்சியோ இரண்டு மாதக் கோடைக்கால ஆய்வோ ஆனால் இரயிலில் செல்லலாம். தங்கும் நாட்கள் கூடக் கூடப் பயணத்திற்கு ஆகும் நாள் பெரிதாகத் தோன்றாது.

பயணமும் ஒரு படிப்பகம்

பயண நேரம் வீணான நேரம் என்பது ஒரு தவறான எண்ணம். அறிவியல் வரலாறு வேறு கதை சொல்கிறது. 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிய சர் சி. வி. இராமன், மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு அதற்குக் காரணம் தேடத் தொடங்கினார். அந்தத் தேடலே பின்னர் இராமன் விளைவுக்கு இட்டுச் சென்றது. 1930 ஜூலை இறுதியில், சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் முடித்த பத்தொன்பது வயது இளைஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர், மேற்படிப்பிற்காகப் பம்பாயிலிருந்து கப்பலேறினார். வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்ற கணக்கை அந்தக் கடற்பயணத்திலேயே போட்டார். 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம்மைப் போல் ஓர் அரசுக் கல்லூரியில் பயின்றவர் அவர் என்பதை நினைக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது.

இரயிலுக்கும் சான்று உண்டு. 1947 ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் ஷெல்டர் தீவில் நடந்த மாநாட்டை முடித்துக்கொண்டு ஹான்ஸ் பெத்தே நியூயார்க்கிலிருந்து இரயிலில் சென்றார். ஹைட்ரஜன் அணுவில் லாம்ப் பெயர்ச்சி எனப்படும் சிறு ஆற்றல் வேறுபாட்டிற்கான கணக்கின் முதன்மையான பகுதியை அந்த இரயிலில் இருந்தபடியே செய்தார். இரயிலில் ஏறியவரெல்லாம் பெத்தே ஆகிவிடுவதில்லை; எனக்கும் அது தெரியும். எனினும் மாநாட்டில் கேட்டவற்றை அசைபோட்டுப் பார்க்க ஒரு சன்னலோர இருக்கையும் சில மணி நேரமும் கிடைப்பது சிறு பேறன்று.

நாளைத் தராமல் நன்னெறி பேசலாமா?

இன்று உலகின் சில அறிஞர்கள் இதைக் கொள்கையாகவே ஏற்றுள்ளனர். பருவநிலை ஆய்வாளரான கெவின் ஆண்டர்சன் என்னும் பிரிட்டிஷ் பேராசிரியர் 2004க்குப் பிறகு விமானப் பயணத்தைக் கைவிட்டார். சீனாவில் நடந்த கருத்தரங்கிற்கும் இரயிலிலேயே சென்று வந்தார். கியான்லூகா கிரிமால்டா என்னும் இத்தாலிய ஆய்வாளரின் கதை நம்மைச் சிந்திக்க வைப்பது. 2023இல் பப்புவா நியூ கினியில் களஆய்வு முடித்த அவரை, அவர் பணியாற்றிய ஜெர்மன் நிறுவனம் உடனே திரும்பி வரச் சொன்னது. விமானத்தில் வர மறுத்து, கப்பலிலும் இரயிலிலும் பேருந்திலுமாகத் திரும்பினார். அதன் விளைவாக வேலையை இழந்தார்.

இதிலிருந்து ஒன்று புலப்படுகிறது. தனி மனிதர் ஒருவர் இரயிலைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது. அதற்கான நாட்களை நிறுவனம் கொடுக்கவேண்டும். "காலையில் வகுப்பு முடித்துவிட்டு மாலையில் பெங்களூரில் பேசுங்கள், மறுநாள் காலை மீண்டும் வகுப்புக்கு வாருங்கள்" என்று கேட்டால் எந்த விரிவுரையாளரும் மனமுவந்து இரயிலில் ஏறமாட்டார். நாளைத் தராமல் நன்னெறியை மட்டும் பேசுவது, சோற்றை மறைத்து வைத்துக்கொண்டு விருந்துக்கு அழைப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டு மறுப்புகள்

எங்கள் வகுப்பில் இதைப் பேசியபோது இரண்டு மறுப்புகள் எழுந்தன. முதலாவது: "பணக்காரர் எல்லாம் பறந்து முடித்தபின், ஏழை வீட்டுப் பிள்ளை ஏறப்போகும் நேரத்தில் விமானம் தீது என்பதா?" மிகக் கூர்மையான கேள்வி. வாழ்வில் முதன்முறையாக விமானம் ஏறப்போகும் பிள்ளையிடம் சென்று இக்கட்டுரையை நான் நீட்டமாட்டேன். மாதம் இருமுறை சென்னைக்கும் கோவைக்கும் பறப்பவரிடமே நீட்டுவேன். குறைக்கவேண்டிய பொறுப்பு அதிகம் எடுத்தவருக்கே முதலில் உண்டு.

இரண்டாவது மறுப்பு என் தோழியருடையது; என்னுடையதும்கூட. "இரவு வண்டியில் தனியாகப் போகிறேன் என்றால் வீட்டில் விடுவார்களா?" விடமாட்டார்கள். விளக்கில்லாத நடைமேடை, தாழில்லாத கழிப்பறை, அதிகாலை நான்கு மணிக்கு இறங்கினால் விடியும்வரை எங்கே உட்காருவது என்ற அச்சம், இவையெல்லாம் பெண்களுக்கு மெய்யான தடைகள். 139 என்ற உதவி எண் இருப்பதும் இரயில்வே பாதுகாப்புப் படை இருப்பதும் நல்லவையே; ஆனால் போதா. நோயுற்றோர், மாற்றுத் திறனாளிகள், கைக்குழந்தையை வீட்டில் விட்டுச் செல்லும் தாய்மார் ஆகியோருக்கும் இவ்விதியைக் கட்டாயமாக்கக் கூடாது.

அரசுப் பள்ளியும் இரயில் பெட்டியும்

ஆனால் இந்தத் தடைகளே என்னை இன்னும் உறுதியாக இரயிலின் பக்கம் நிறுத்துகின்றன. காரணம் சொல்கிறேன். நான் படித்தது அரசுப் பள்ளியில். ஒரு காலத்தில் எங்கள் ஊர்த் தலைவர் பிள்ளையும் மருத்துவர் பிள்ளையும் அதே பள்ளியில் படித்தார்கள் என்று பெரியவர்கள் கூறுவர். அவர்கள் ஒவ்வொருவராக ஆங்கிலப் பள்ளிக்கு மாறிச் சென்றனர். அதன்பின் கூரை ஒழுகினாலும் ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தாலும், அலுவலகம் சென்று கேட்கத் தெரிந்தவர் எவரும் எஞ்சவில்லை. எஞ்சியவர்கள் எங்கள் பெற்றோர்கள். அவர்களுக்கு மனு எழுதவும் தெரியாது.

இரயிலுக்கும் அந்நிலை வரக்கூடாது. பேராசிரியரும் பொறியாளரும் அதிகாரியும் விமானத்திற்குப் போய்விட்டால், பொதுப் பெட்டியில் நெருக்கியடித்து நிற்கும் கட்டடத் தொழிலாளிக்காகவும் இரவு வண்டியில் செல்லும் மாணவிக்காகவும் குரல் கொடுக்க யார் இருப்பார்? காந்தியடிகள் மூன்றாம் வகுப்பில் பயணம் செய்தார்; அங்குள்ள மக்கள் படும் துன்பத்தை 1917இல் எழுதி வெளியிட்டார். அந்தப் பெட்டியில் அமர்ந்தவர் எழுதியதால்தான் அவ்வெழுத்துக்கு வலிமை இருந்தது. பொதுச்சொத்து என்பது பொதுமக்கள் மட்டும் பயன்படுத்தும் சொத்தன்று. குரலுள்ளவரும் பயன்படுத்தினால்தான் அது பொதுவாக நிலைக்கும்.

நாம் செய்யக்கூடியவை

நம் கல்லூரி அளவில் சிலவற்றை உடனே தொடங்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

ஒன்று, ஓர் இரவுக்குள் இரயில் செல்லும் ஊர்களுக்குச் செல்லும் விரிவுரையாளர்க்கும் மாணவர்க்கும் பயண நாளையும் சேர்த்துப் பணி விடுப்பும் வருகைப் பதிவும் வழங்கவேண்டும்.

இரண்டு, 2024 நவம்பர் முதல் இரயில் முன்பதிவுக் காலம் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைந்துள்ளது. நாம் நடத்தும் கருத்தரங்குகளின் அழைப்பிதழை அந்த 60 நாட்களுக்கு முன்பே அனுப்பினால் விருந்தினர் காத்திருப்போர் பட்டியலில் தவிக்கவேண்டியதில்லை. பத்து நாட்களுக்கு முன் அழைத்துவிட்டு, இரயிலில் வாருங்கள் என்று கேட்பது முறையாகாது.

மூன்று, நிகழ்ச்சி நிரலை இரயில் நேரத்தோடு பொருத்தவேண்டும். நிறைவு விழா மாலை ஐந்து மணிக்குள் முடிந்தால் அனைவரும் இரவு வண்டியைப் பிடிக்கலாம்.

நான்கு, வெளியூர் செல்லும் மாணவியர்க்குத் துணையோடு ஒரே பெட்டியில் இடம் பதிவு செய்து தருவதும், அதிகாலையில் இறங்குவோரை நிலையத்திற்கே சென்று அழைத்துவருவதும், குளிர்சாதன மூன்றடுக்குக் கட்டணம் வழங்குவதும் நடத்துவோர் பொறுப்பாகவேண்டும். விமானக் கட்டணத்தில் மிச்சமாகும் பணமே இதற்குப் போதுமானதாகும்.

ஐந்து, இரண்டு மணி நேர வாய்மொழித் தேர்வுக்காக ஒருவரை ஆயிரம் கிலோமீட்டர் பறக்கச் செய்யவேண்டுமா? கொரோனாத் தொற்று நிலவிய 2020, 2021ஆம் ஆண்டுகளில் இவற்றை இணையவழியில் நடத்திக் காட்டினோமே!

1856 ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குத் தென்னாட்டின் முதல் பயணிகள் இரயில் புறப்பட்டது. அன்று தொடங்கிய தண்டவாளம் இன்று குமரிமுனை வரை நீண்டு கிடக்கிறது. எத்தனையோ தலைமுறைகளின் உழைப்பால் போடப்பட்ட பாதை அது. அந்தப் பாதையில் செல்வது வறுமையின் அடையாளமன்று, பொறுப்பின் அடையாளம். விமானம் வேண்டிய இடத்திற்கு விமானம் இருக்கட்டும். தண்டவாளம் போகும் ஊருக்கு நாம் தண்டவாளத்திலேயே போவோம். பேராசிரியப் பெருமக்கள் முன்னே ஏறட்டும். மாணவர்களாகிய நாங்கள் அதே பெட்டியில் பின்னே ஏறுகிறோம்.